எத்தினையில, சேர்?

"எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்" என்று ஒரு கட்டுரையைத் தொடங்கிவிட்டு, இரண்டு நாளாக அடுத்த வரி வராமல் இருக்கிறேன். சோம்பல் காரணமல்ல. சோம்பல் என் எழுத்துக்குத் தடையாக இருந்ததேயில்லை, கூட்டாளியாகத்தான் இருந்திருக்கிறது. 'எல்லோருக்கும்' என்ற சொல்லை எழுதி முடித்த கையோடு காதுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்கிறது.

"எத்தினை பேரில, சேர்?"

குரலுக்கு உரியவர் எங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் நலப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் தன்னாமுனையிலிருந்து பஸ் ஏறி வந்து, இந்தக் கட்டுரையில் எத்தனை வாக்கியம், அதில் எத்தனை பொய் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவார். விரிவுரையாளர்களை அவர் 'சேர்' என்பார். முன்னால் நின்றால் அவரை நாங்கள் 'மிஸ்' என்போம். அந்தப் பக்கம் போனதும் 'எத்தினையில மிஸ்' என்போம். அதுவும் அவருக்குத் தெரியும். "என்னை அப்பிடிச் சொல்லுற ஆக்கள் மொத்தம் பதினேழு பேர், சேர்" என்று ஒருநாள் மிகச் சாதாரணமாகச் சொன்னார். நான் அந்தப் பதினேழில் ஒருவனா என்று கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டிருந்தால் எத்தனையாவது என்றும் சொல்லியிருப்பார்.

அவருடைய வேலை, வறிய மாணவர்களுக்கு வரும் பேர்சரி என்ற உதவிப்பணம் தொடரலாமா, நிறுத்தப்பட வேண்டுமா என்று பார்ப்பது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பெரிய நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் நடந்த விரிவுரைகளில் எண்பது வீதத்துக்காவது பிள்ளை வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை எழுதாவிட்டால் 'கல்வி முன்னேற்றம்' இல்லை. முன்னேற்றம் இல்லாதவருக்குப் பேர்சரி இல்லை. ஏழையாக இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்காக வகுப்புக்கு வரும் ஏழையாக இருக்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை வராவிட்டால் பிள்ளைக்குப் பதிலாக ஒரு மருத்துவச் சான்றிதழ் வரும். ஏழைப் பிள்ளைக்கு நோய் வந்தாலும் சான்றிதழ் வருவதில்லை.

இந்த எண்பதைச் சொல்லும் சுற்றறிக்கை மூன்று மொழிகளிலும் மிஸ்ஸின் மேசைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தது. மூன்றையும் அவர் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "வசனம்தான் சேர் வேற வேற. எம்பது மூண்டிலயும் எம்பதுதான்." அவருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. உலகத்தில் மாறாத பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்க ஞானிகள் காட்டுக்குப் போனார்கள். மிஸ் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

நாங்கள் மட்டக்களப்பார் கதைக்கும்போது கொஞ்சம் தாராளமாகக் கதைப்போம். கலியாணத்துக்கு ஊரே வந்தது என்போம். வெள்ளத்தில் வயல் வட்டை முழுக்கப் போயிட்டு என்போம். யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. மிஸ் அப்படியே எடுத்துக்கொண்டார், மறுக்கவும் செய்தார். பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் "ஆலயம் நிரம்பி வழிகிறது" என்று சொன்ன பங்குத் தந்தையிடம், பூசை முடிந்து வாசலில் வைத்து, "ஆக்கள் இரிக்கிற வாங்கு இருவது ஃபாதர், பதினாலுதான் நிறைஞ்சது" என்று சொன்னார். அடுத்த வருடம் ஃபாதர் "வந்திருப்பவர்களே" என்று மட்டும் தொடங்கினாராம். இதை மிஸ்ஸே எனக்குச் சொன்னார். பெருமையாக அல்ல, ஒரு பிழை திருத்தப்பட்ட செய்தியாக.

நான் விரிவுரையாளன். படிப்பிப்பது இலக்கியத் திறனாய்வு. மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். என்னைத் தவிர அவற்றை வாசிப்பவர் எனக்கு முடி வெட்டுபவர். அவரும் கத்தி கையில் இருக்கும் நேரத்தில் அபிப்பிராயம் சொல்வதில்லை. என் முதல் தொகுப்பு வந்தபோது ஒரு பிரதியை மிஸ்ஸுக்குக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து, கன்டீனில் பிளேன்டீயோடு நின்ற என்னிடம் வந்தார்.

"வாசிச்சிட்டன், சேர். நூத்தி நாப்பது பக்கம்."

"எப்பிடி மிஸ்?"

"பதினொரு இடத்தில சிரிப்பு வந்திச்சு."

பக்கத்தில் நின்ற பொருளியல்காரன் தேநீரைச் சிந்தினான். அந்தப் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளில் "தமிழ் நகைச்சுவையின் புதிய திருப்பம்" என்றெல்லாம் இருந்தது. ஒன்றும் ஞாபகமில்லை. பதினொன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது தொகுப்பில் பன்னிரண்டு வரவேண்டும் என்று பாடுபட்டேன். அவர் வாசித்துவிட்டு ஒன்பது என்றார்.

இதெல்லாம் சிரிப்பதற்குச் சரி. சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. ஏறாவூர்ப் பையன் ஒருவன் எழுபத்தொன்பது வீதத்தில் நின்றான். நாங்கள் நான்கைந்து விரிவுரையாளர்கள் போய்ச் சொன்னோம். மிஸ் அசையவில்லை. "இவனை ஏத்தினா, நாளைக்கு எழுவத்தெட்டு வந்து நிக்கும். அதுக்கு நான் என்ன சொல்லுற?" பேர்சரி நின்றது. அடுத்த தவணை அவன் வரவில்லை. வாப்பாவின் துணிக்கடையில் அளவுகோலைப் பிடித்தான். பிறகு என்ன நடந்தது தெரியுமா? மிஸ் சட்டைத்துணி வாங்க அந்தக் கடைக்கே போனார். அவன் துணியை இழுத்துப் பிடித்து, அளந்து, "மிஸ், கால் அங்குலமும் கூட வைக்கமாட்டன்" என்று சொல்லி வெட்டினானாம். அன்றிலிருந்து மிஸ் வேறு கடைக்குப் போவதில்லை.

"அவன் குத்திக் கதைச்சிரிக்கான் மிஸ், உங்களுக்கு விளங்கல்லயா?" என்று கேட்டேன்.

"விளங்கிச்சு. ஆனா அளவு சரி, சேர்."

அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இரக்கம் இல்லாதவர் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் ஒரு தோராயம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் மாரி கடுமை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அறை வாசலில் ஒரு மாணவி வந்து நின்றாள். கிரானுக்கு அங்கால் உள்ள ஊர். விடுதியில் தங்காமல் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். தாய் குவைத்தில் வீட்டுவேலை. வீட்டில் இரண்டு தம்பிமாரைப் பார்ப்பது இவள்.

"சேர், உங்கட பாடத்தில எனக்கு எழுவத்திமூணாம். மிஸ் சொன்னா. பேர்சரி நிண்டுருமாம்."

"நிண்டா?"

"அம்மாட காசு கடனுக்கும் தம்பிமாருக்கும் சரி. பஸ்ஸுக்கும் போட்டோ கொப்பிக்கும் பேர்சரிதான். நிண்டா கம்பஸ விட்டுட்டு வீட்டில இரி எண்டுதான் அம்மா சொல்லுவா."

"பயப்படாத புள்ள. நான் கதைக்கிறன்" என்றேன். கொடை கொடுக்கப் போகும் ஒரு சிற்றரசனின் நடையில் மாணவர் நலப் பிரிவுக்குப் போனேன்.

"மிஸ், அந்தக் கிரான் புள்ள பாவம். ஒள்ளுப்பம் பார்த்துச் செய்யுங்களன்."

"ஒள்ளுப்பம் எண்டா எத்தினை, சேர்?"

"எழுவத்திமூணை எம்பதா…"

"எழுவத்திமூணு தசம் மூணு. எம்பதுக்கு இன்னும் ஆறு தசம் ஏழு வேணும். அது ஒள்ளுப்பம் இல்ல. இரிங்க சேர்."

இருந்தேன். அவர் என் பாடத்தின் வரவு இடாப்பை எடுத்து விரித்தார். கோடு போடும் அடிமட்டத்தை ஒரு வரிசைக்குக் கீழே வைத்தார்.

"முப்பது விரிவுரை நடந்த எண்டு நீங்க ஒப்பம் வச்சிரிக்கீங்க. இந்தப் புள்ள இருவத்திரெண்டுக்கு வந்திரிக்கு. எட்டுக்கு இல்ல. மறுகா நான் புள்ளையக் கூப்பிட்டு, இந்த எட்டு நாளும் எங்க கா புள்ள போன எண்டு கேட்டன். ஒரு நாள் கிரான் பாலத்துக்கு மேலால வெள்ளம். மத்த ஏழு நாளும்…" அவர் நிமிர்ந்து பார்த்தார். "மத்த ஏழு நாளும் சேர் வரல்லயாம்."

ஒரு துண்டுத்தாளில் ஏழு திகதிகள் இருந்தன. அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு நூல் வெளியீடு, ஒரு பல்வலி.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சிறப்புரையாற்றப் போகும் நாட்களில், முதல் நாளே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவேன். வருத்தம் தெரிவித்து, ஒரு பழமொழியும் சேர்த்து, கடைசியில் "இடாப்பில் ஒப்பம் வைத்து அலுவலகத்தில் கொடுக்கவும்" என்று முடிப்பேன். விடுதிப் பிள்ளைகள் பல் விளக்கிவிட்டு வந்து ஒப்பம் வைத்துவிட்டுத் திரும்பப் படுப்பார்கள். அவர்களுக்கு வரவு, எனக்கு விரிவுரை. இரு தரப்புக்கும் நட்டமில்லாத ஒப்பந்தம். மாத முடிவில் என் அறிக்கையில் ஒரு பெட்டி இருக்கும், 'நடத்திய விரிவுரைகள்'. அதைக் குறைத்து எழுத மனம் வராது. எண்கள் விஷயத்தில் நான் ஒரு கவிஞன்.

அந்தப் பிள்ளை மட்டும் என் செய்தியை உண்மை என்று நம்பி வீட்டில் நின்றிருக்கிறாள்.

"போனில என்ட மெசேஜ் இரிக்கும்தானே மிஸ்? அதைப் பார்த்து…"

"ஏழும் பார்த்தன். நல்ல வசன நடை. ஆனா போன் தண்ணியில விழும் சேர். எனக்குக் கடிதம் வேணும். இந்த ஏழு நாளும் விரிவுரை நடக்கல்ல எண்டு."

"நடந்த எண்டு நான் ஒப்பம் வச்சிட்டனே."

"ஓம். அதுதான் கடிதம் வேணும்."

"புள்ளைக்கு ஒரு மெடிக்கல் எடுத்தா என்ன?"

"பல்லுவலி வந்தது உங்களுக்கு, சேர்."

அப்போது முதுநிலை விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். பொய் அறிக்கை கொடுத்ததாக என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் அந்த விண்ணப்பம் எந்தத் தட்டில் போய்ப் படுக்கும் என்று எனக்குத் தெரியும். யோசிக்க வேண்டும் என்றேன். மிஸ் நாட்காட்டியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகுது. மூணு நாள் இரிக்கு."

அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பிள்ளை குடையோடு நின்றாள்.

"சேர், கதைச்சீங்களா?"

"கதைச்சன்."

"மிஸ் என்ன சொன்னா?"

"யோசிக்கச் சொன்னா."

"ஆரை?"

"என்னை."

அவள் குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. "நீயும் மத்தவங்களப் போல வந்து ஒப்பத்த வச்சிட்டுப் போயிருக்கலாமே" என்றேன். இந்த வயதில், இந்தப் படிப்பில், நான் சொன்னது இது.

"படிப்பிக்காத நாளுக்குக் கையெழுத்து வைக்க ரெண்டு பஸ் ஏறி வர ஏலா, சேர்" என்றாள். குத்திச் சொல்லவில்லை. அவள் பஸ்ஸைத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை கடிதத்தோடு போனேன். "தவிர்க்க முடியாத காரணங்களால் பின்வரும் ஏழு தினங்களில்…" என்று கம்பீரமாகத் தொடங்கியிருந்தேன். மிஸ் முதல் வரியில் நின்றுவிட்டார்.

"இதில தவிர்க்க ஏலாத காரணம் எத்தினை, சேர்?"

யோசித்தேன். "ஒண்டு."

"பல்லு?"

"பல்லு."

கடிதத்தைத் திருப்பித் தந்தார். அங்கேயே இருந்து மாற்றி எழுதினேன். "தவிர்க்க முடியாத ஒரு காரணத்தாலும், தவிர்த்திருக்கக்கூடிய ஆறு காரணங்களாலும்" என்று. நான் எழுதியவற்றில் திறனாய்வாளர்கள் ஒருபோதும் குறை சொல்ல முடியாத வாக்கியம் அது ஒன்றுதான். மிஸ் இரண்டு தரம் வாசித்தார். அவர் முகத்தில் ஒரு அசைவு தெரிந்தது. பன்னிரண்டாவது இடமாக இருக்கலாம்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அடிமட்டத்தை வைத்து, இடாப்பில் ஏழு நிரலையும் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு வெட்டினார். ஒரு கோடும் சாயவில்லை.

"இப்ப நடந்தது இருவத்திமூணு. புள்ள வந்தது இருவத்திரெண்டு. தொண்ணூத்தஞ்சு தசம் ஏழு." அதைக் கிரான் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதினார். எழுதி முடியும் வரை இருவரும் மூச்சு விடவில்லை என்று சொல்லலாம். நான் விடவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

"முப்பதுக்கு முப்பது ஒப்பம் வச்ச ஆக்கள் ஒம்பது பேர் இரிக்காங்க சேர். அவங்கட ஒப்பத்த வெட்டாம விட்டிருந்தா இருவத்திமூணுக்கு முப்பது, நூத்தி முப்பது வீதம். அவ்வளவு ஆர்வம்."

"இப்ப வெட்டினதால ஆரும் எம்பதுக்குக் கீழ போறாங்களா, மிஸ்?" அப்போதுதான் எனக்கு அந்த எண்ணமே வந்தது.

"இல்ல. ஒருத்தரும் விழமாட்டாங்க எண்டு முந்தியே கணக்குப் பார்த்துட்டுத்தான் உங்களிட்டக் கடிதம் கேட்ட." பேனாவை மூடினார். "விழுந்திரிந்தாலும் கேட்டுத்தான் இரிப்பன்."

கடிதத்தின் பிரதி விதிப்படி எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதிக்குப் போனது. அவர் என்னை அழைத்தார். ஏழு திகதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். நான்காவதில் விரல் மெதுவானது. அந்த ஆறு நூல் வெளியீடுகளில் நான்குக்குத் தலைமை தாங்கியவர் அவர். "இந்தத் திகதி எல்லாம் எனக்கும் ஞாபகம் வருது" என்றார். கடிதம் என் கோப்புக் கோவைக்குள் போனது. என் பதவி உயர்வும் அதே கோவைக்குள் ஒன்றரை வருடம் அதன் பக்கத்தில் படுத்திருந்தது. கிரான் பிள்ளையின் பேர்சரி வெள்ளிக்கிழமைப் பட்டியலில் போனது.

விஷயம் முடிந்தது என்று நினைத்து, மிஸ்ஸுக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் நன்றியைக் கவனிக்கவில்லை. ஒரு சிறு தாளை என் பக்கம் தள்ளினார். அதில் இருபத்திமூன்றின் கீழ் முப்பது என்று எழுதி, பக்கத்தில் எழுபத்தாறு தசம் ஏழு என்று இருந்தது.

"இது ஆர் மிஸ்?"

"நீங்க."

"எனக்கும் எம்பது வேணுமா?"

"தேவையில்ல சேர். சுற்றறிக்கை பேர்சரி எடுக்கிற புள்ளைகளுக்குத்தான். சம்பளம் எடுக்கிற ஆக்களப் பத்தி மூணு மொழியிலயும் ஒண்டும் இல்ல." சுவரில் இருந்த சுற்றறிக்கையைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா பார்த்தன். இன்னும் ஒரு விரிவுரை எடுத்தாக் காணும், சரியா எம்பது வரும்."

அவர் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கோவையை எடுத்துவிட்டார். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், மறுப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

படிப்பு விடுமுறைக் கிழமையில், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு விரிவுரை வைத்தேன். இரண்டு மணி நேரம். குழுவில் செய்தி போட்டேன், இந்த முறை பழமொழி இல்லாமல். விடுதி காலி. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் முன்வாங்கில் கிரான் பிள்ளை, ஈரப் பாவாடையோடு. பின்வாங்கில் மிஸ், இடாப்போடு. நடந்ததைப் பார்க்காமல் நடந்ததென்று எழுத முடியாதாம்.

யதார்த்தவாதம் பற்றிப் பேசினேன். பதினைந்து வருடமாக வைத்திருக்கும் குறிப்பு, தாள் மஞ்சளாகிவிட்டது. மற்ற நாட்களில் பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். நானும் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருப்பேன். ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அன்று ஒரே ஒருத்தி என்பதால் குனிய முடியவில்லை. ஒன்பதே முக்கால் ஆனபோது குறிப்பு தீர்ந்தது. "சரி, இதோட நிப்பாட்டுவம்" என்று தாள்களை அடுக்கினேன்.

மிஸ் எழும்பவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பிள்ளை கொப்பியை மூடவில்லை. "சேர், கால்மணி இரிக்குத்தானே" என்றாள். "கொஞ்சம் கேள்வி இரிக்கு. கேக்கவா?"

கேட்டாள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, அந்தக் குறிப்பில் இருக்கும் ஒரு வரியை எடுத்துக்காட்டி, அது எப்படிச் சரியாகும் என்று கேட்டாள். பதினைந்து வருடமாக நான் வாசித்து வரும் வரி. அது எப்படிச் சரியாகும் என்று நானும் அன்றுதான் முதல்முறை யோசித்தேன். "தெரியாது புள்ள, பார்த்துட்டுச் சொல்லுறன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மூன்றாவதைக் கேட்டாள். நான்காவதையும் கேட்டாள். ஐந்தாவதும் இருந்தது.

பின்வாங்கில் மிஸ் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். எத்தனை கேள்வியில் எத்தனைக்குப் பதில் என்று குறிக்கிறார், எனக்குத் தெரியும். அதனால்தான் பத்து மணி அடிக்கும் வரை அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.